ஏரிக்குத் திரும்பாத தண்ணீர்

நவம்பர் 3, ஞாயிறு

அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்று முடிவாகிவிட்டது. கப்பலில் போகிறோம்.

காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்தது. இவர் ஏற்காடு என்றார். எந்த விடுமுறை வந்தாலும் இவர் ஏற்காடுதான் சொல்வார். அமிர்தா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கப்பல்" என்றாள்.

"கப்பல்ல போய் என்னடி பண்றது? சுத்திலும் தண்ணிதான்."

"ஏற்காட்டுல சுத்திலும் பனிதான்பா. அதைப் பாக்க வருஷா வருஷம் போறீங்கல்ல."

சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் இலங்கையில் ஒரு நாள் நின்றுவிட்டுத் திரும்புகிற கப்பல். மொத்தம் ஐந்து நாள். அந்த விளம்பரத்தை வெட்டி அவள் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்து எத்தனையோ மாதமாகிறது. அடுத்த ஆண்டு பிளஸ் டூ. அப்புறம் எங்கேயும் நகர முடியாது.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். மெரினாவில்கூடச் செருப்பைக் கழற்றாமல் மணலிலேயே நின்றுவிடுகிறவள். ஆனாலும் "சரி, போகலாம்" என்று முதலில் சொன்னது நான்தான். அமிர்தா நிமிர்ந்தாள்.

"நெஜமாவா சித்தி?"

இந்த வீட்டுக்கு நான் வந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு, அமிர்தாவுக்குப் பத்து. அவள் அம்மா கோமளா காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள், மரியாதையாக, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை, வாய் தவறியாவது, அம்மா என்று வந்துவிட்டால் போதும். இதை இந்த நோட்டில் தவிர வேறெங்கும் நான் சொன்னதில்லை.

நவம்பர் 6, புதன்

ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் டிராவல்ஸில் போய்ப் பதிவு செய்தோம். ஜாபர் என்பவர் நடத்துகிறார். படங்களைக் காட்டி அறை தேர்ந்தெடுக்கச் சொன்னார். உள்பக்கத்து அறை, ஜன்னலே இல்லாதது, அதுதான் வேண்டும் என்றேன்.

"கப்பல்ல போயிட்டு கடலப் பாக்க மாட்டேங்கிறீங்களே மேடம்."

"அது அங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"நீங்க மூணு பேரு, ரூம்ல நாலு பெட்டு. நாலாவது சும்மா இருக்கும். பைய கிய்ய வெச்சுக்கலாம்."

பாஸ்போர்ட் எனக்குத்தான் எடுக்க வேண்டும். இவரிடமும் அமிர்தாவிடமும் இருக்கிறது. அமிர்தாவுக்கு ஏழு வயதில் எடுத்து, பிறகு புதுப்பித்ததாம். அவ்வளவு சின்ன வயதில் எதற்கு என்று ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். "அவங்க அம்மா எடுத்தது" என்றார், சாலையைப் பார்த்தபடி.

நவம்பர் 9, சனி

லோகநாயகி அண்ணி போன் செய்தார். இவருடைய அக்கா; மதுராந்தகத்தில் இருக்கிறார். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நடமாட்டம் குறைந்ததை எல்லாம் போனில் ஈடுகட்டுகிறார்.

"கடல் தாண்டிப் போறீங்களாமே. கோமளாவக் கூப்பிடாமயா?"

இந்தக் குடும்பத்தில் இது ஒரு வழக்கம். பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். நல்ல காரியமோ நெடும்பயணமோ எதுவானாலும் முதலில் அவளை அழைத்துப் புதுப்புடவை வைத்துக் கும்பிட வேண்டும். ஏரிக்கரைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு, பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டு, வாய் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். செம்புக்கு எதிரில் புடவை, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த சாப்பாடு. மறுநாள் காலையில் தண்ணீரை ஏரியிலேயே விட்டு, போய்ட்டு வாம்மா என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுப் பெண் அந்தப் புடவையைக் கட்டலாம். ஒவ்வோர் ஆடியிலும் அண்ணியே வந்து எல்லாம் செய்து, அண்ணியே புடவையையும் கட்டிக்கொண்டு போவார். நான் சமையலறையில் இருப்பேன். இந்த ஆடியில் முட்டி காரணமாக விட்டுப்போயிற்று.

"இந்தத் தடவ நீதாம்மா செய்யணும். பொடவையும் நீதான் கட்டிக்கணும். நீதானே அந்த வீட்டுப் பொம்பள."

என் அப்பா சாமி படம்கூட மாட்டாத மனிதர். எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை வைக்கப் போனவர் மறுபடி சொன்னார்: "தண்ணிய விடறதுக்கு முன்னால மட்டும் கட்டிடாத. கூப்பிட்டவள அனுப்பிட்டுத்தான் மத்ததெல்லாம்."

நவம்பர் 14, வியாழன்

புடவை எடுத்தோம். நான் சந்தன நிறத்தில் ஒன்றைப் பிரித்து வைத்தேன். இவர் பின்னாலிருந்து மெதுவாக, "அவளுக்கு அரக்குதான்" என்றார். அடர்ந்த அரக்கு நிறம், மஞ்சள் கரை.

என்னிடம் இருப்பதெல்லாம் வெளிர் நிறம். கல்லூரி நூலகத்தில் பன்னிரண்டு வருடமாக வெளிர் நிறப் பருத்திதான். தூரத்தில் வந்தால் வெள்ளைத்தாள் நடந்து வருவதுபோல் இருக்கிறது என்று கல்லூரி ஆசிரியைகள் சிரிப்பார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

சாயங்காலம் எங்கள் ஊர்க் கொளவாய் ஏரிக்குப் போனோம், நானும் அமிர்தாவும். படியில் கடைசிக்கு முந்தின கல்லில் உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டிச் செம்பை நிரப்பினேன்.

கூப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பார்த்தேயிராத பெண். அவள் சமையலறையில் சமைக்கிறேன், அவள் அலமாரியில் என் துணி இருக்கிறது. இரண்டு முறை "கோமளா" என்றேன். மூன்றாவது முறைக்குக் குரல் வரவில்லை. அமிர்தாவைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லவில்லை. "அம்மா" என்றாள்.

வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பேசக்கூடாது என்பது வழக்கம். பேச வேண்டும்போலவும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

தாம்பரத்தில் பாஸ்போர்ட்டுக்கு ஒன்பதேகாலுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். இவருக்கு ஷிப்ட் மாறி விடிவதற்குள் கிளம்பிவிட்டார். ஏரிக்குப் போய் வந்தால் ரயில் போய்விடும். திரும்பி வந்ததும் தண்ணீரை விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

புறப்படும்போதுதான் அவர்கள் அனுப்பிய தாளைக் கவனித்தேன்: படத்துக்குப் பின்னால் வெள்ளைத் திரை என்பதால் அடர்நிற உடையில் வரவேண்டுமாம். அலமாரியைக் கலைத்துப் பார்த்தேன். வீட்டில் இருந்த ஒரே அடர்நிறப் புடவை செம்புக்கு எதிரில் இருந்தது. எப்படியும் நான் கட்டப்போகிற புடவை. அரை நாள் முன்னால் கட்டினால் என்ன ஆகிவிடும்?

அங்கே காத்திருந்தபோது "வான்மதி, வான்மதி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் இந்த வான்மதி, இத்தனை தடவை கூப்பிட்டும் எழுந்து போகாமல் இருக்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. பக்கத்திலிருந்த பெண் என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "உங்களத்தாங்க" என்றாள். சரியாகச் சாப்பிடாமல் வந்தது காரணமாக இருக்கும்.

படம் எடுத்த பெண் மூன்று முறை எடுத்தாள்.

"கண்ணத் தொறங்க மேடம்."

"தொறந்துதாங்க இருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு போகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் செம்பு காலி. உள்ளே ஈரம்கூட இல்லை. பூ மட்டும் வாடாமல் இருந்தது. சாயங்காலம் இவரிடம், "தண்ணிய நீங்க விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "நீ விட்டிருப்பேன்னு இருந்தேன்" என்றார். செம்பில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும்.

அண்ணி போனில் கேட்டார். விட்டாச்சு என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

செம்பில் தண்ணீர் நிரப்பித் தாள் மேல் வைத்துப் பார்த்தேன். ஒழுகவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

மூன்று நாளாகக் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்கிறேன். குளிர்காலம்.

வாசலில் மீன்காரம்மா போனார். கூப்பிட்டு நெத்திலி வாங்கினேன். வீட்டில் மீன் வைப்பதே அபூர்வம். எனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது. அமிர்தாவுக்காகத்தான் வாங்கினேன்.

"தலையக் கிள்ள வேணாம், அப்படியே குடுங்க."

மீன்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டார். "இந்தத் தெருவுல தலையோட கேக்குறது ஒருத்தங்கதான் இருந்தாங்க. அவங்க போயே வருஷக்கணக்காச்சு" என்றார்.

குழம்பு நன்றாக வந்தது. அமிர்தா மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள். நானும்தான். பேனா மாற்ற வேண்டும். எழுத்து இடப்பக்கம் சாய்கிறது.

நவம்பர் 29, வெள்ளி

கப்பலுக்கு எடுத்துப்போக வேண்டியவை:

எலுமிச்சை ஆறு. பழைய துண்டு இரண்டு. ஊசி, நூல். சின்னப் பூட்டு. மிளகு வறுத்துப் பொடித்தது. வெந்நீர் பிளாஸ்க். மாமாவுக்குக் கம்பளிக் குல்லாய். அம்முவுக்குப் பச்சை ஸ்வெட்டர்.

டிசம்பர் 1, ஞாயிறு

மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். இவர் கையிலிருந்த டம்ளரைத் தவறவிட்டுவிட்டார். தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது. துடைத்தபோது அமிர்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, அப்பாவ இப்ப எப்படிக் கூப்பிட்டீங்க?"

"எப்படி? என்னங்க, சாப்பிட வாங்கன்னேன்."

"மாமான்னீங்க."

நான் அந்நியத்தில் வந்தவள். மாமா என்று கூப்பிட எனக்கு என்ன உறவு? கோமளா இவருடைய அத்தை மகள். அவள் கூப்பிட்டிருப்பாள். அமிர்தாவுக்குக் காது அப்படிக் கேட்டிருக்கிறது. பாவம், சின்னப்பெண்.

டிசம்பர் 3, செவ்வாய்

பாஸ்போர்ட் வந்துவிட்டது. படத்தில் நான் நன்றாக இருக்கிறேன். வயது குறைந்தாற்போல. கன்னத்தில் குழி விழுந்திருக்கிறது. வெளிச்சம் பட்ட விதமாக இருக்கும்.

இவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பீரோவுக்குள் வைத்தார். பிறகு நான் துணி எடுக்கப் போனபோது அது இன்னொரு பாஸ்போர்ட்டின் மேல் இருந்தது. பழையது, கோமளாவுடையது. உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை. படத்தில் அரக்குப் புடவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புடவை நிறம் ஒன்று என்பதால் ஒரு சாயல் தெரியத்தான் செய்யும்.

டிசம்பர் 8, ஞாயிறு

பரண் மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன். தூசி துடைத்துக்கொண்டே பக்கவாட்டுப் பையில் கைவிட்டால் நான்காக மடித்த தாள் ஒன்று வந்தது.

எலுமிச்சை ஆறு. பழைய துண்டு இரண்டு. ஊசி, நூல். சின்னப் பூட்டு. மிளகு. பிளாஸ்க். குல்லாய். பச்சை ஸ்வெட்டர்.

வரிசைகூட மாறவில்லை. கப்பலுக்குப் போகிற எந்தப் பெண்ணும் இதைத்தானே எழுதுவாள்? எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

பெட்டியின் அடியில் ஸ்வெட்டர் இருந்தது. பச்சை. என் கைக்கு இரண்டு சாண் அகலம். ஏழு வயதுப் பெண்ணுக்கானது. அமிர்தாவிடம் இப்போது பச்சை ஸ்வெட்டர் எதுவும் இல்லை. அவளை அம்மு என்று நான் கூப்பிட்டதும் இல்லை. என் பட்டியலில் ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு பருப்பு கொதித்துவிட்டது.

டிசம்பர் 10, செவ்வாய்

இவரிடம் கேட்டேவிட்டேன். "நீங்களும் கோமளாவும் எங்க போறதா இருந்தீங்க?"

"கொச்சியிலேருந்து மாலத்தீவு. கப்பல்லதான். ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருந்தா."

"எப்ப?"

"டிசம்பர் இருபத்தேழு. பதினாறாந்தேதி காய்ச்சல் வந்துது. பத்தே நாள்." சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மளும் இருபத்தேழுதான் போறோம்னு எனக்கே அப்புறமாத்தான் ஒறைச்சுது. வேணாம்னா விட்டுடலாம் வான்மதி. ஏற்காடு போலாம்."

"என்ன பேசறீங்க? எத்தன நாளா காத்துட்டு இருக்கேன்."

"எத்தன நாளா?"

"ஒம்போது வருஷமா."

ஆறு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இவரும் திருத்தவில்லை. என் கையை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அப்படிச் செய்ததில்லை. நானும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 14, சனி

அம்முவுக்குத் தலை பின்னிவிட்டேன். எப்போதும் அவளே ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு ஓடுவாள். இன்று என் முன்னால் வந்து தானாகவே உட்கார்ந்தாள். சாதாரணச் சடைதான் எனக்குப் பின்ன வரும். ஆனால் விரல்கள் முடியை ஐந்தாகப் பிரித்தன, மேலும் கீழுமாகக் கோத்தன. பாதியில் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல. பின்னுங்க."

முடித்து நுனியில் முடிச்சுப் போட்டதும் திரும்பி என் மடியில் முகத்தைப் புதைத்தாள். அப்போதுதான் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

"அம்மா. அம்மா."

ஆறு வருடம். இதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

டிசம்பர் 17, செவ்வாய்

கொத்தமல்லி வாங்கப் போனேன். ஏரிப் படியில் நின்றிருந்தேன். புடவைக் கரை கணுக்கால்வரை நனைந்திருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

கொத்தமல்லி வாங்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

ஜாபர் போன் செய்தார். "மேடம், நீங்க கேட்ட மாதிரியே பால்கனி ரூம் கெடச்சிருச்சு. கடல் பக்கம்."

"நான் எப்ப கேட்டேன்?"

"முந்தாநேத்து கால் பண்ணி அவ்ளோ நேரம் பேசினீங்களே. ஜன்னல் இல்லாம என்னால மூச்சு விட முடியாது, ஒம்போது வருஷம் இருட்டுலயே இருந்தாச்சுன்னு சொன்னீங்க. எனக்கே கஷ்டமாப் போச்சு. வேணாம்னா மாத்திடறேன்."

ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

விடுமுறைக்கு முன் நூலகத்தில் கடைசி நாள். ஒரு மாணவி பொருளாதாரப் புத்தகம் கேட்டாள். எந்த அலமாரி என்று தெரியவில்லை. வரிசை வரிசையாகத் தேடினேன். ஒவ்வொரு முதுகிலும் சிறிய சீட்டு, நிமிர்ந்த எழுத்தில் எண்கள். யாரோ ஒரு பெண் மிகப் பொறுமையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்று தோன்றியது.

வெளியே வந்து படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அது நான் எழுதியது. எழுதி வைக்கிறேன்: அது நான் எழுதியது.

டிசம்பர் 22, ஞாயிறு

அண்ணியின் போனை நான்தான் எடுத்தேன். "சொல்லுங்க அண்ணி, முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"யாரு பேசறது?"

"நான்தான் அண்ணி."

"நான்தான்னா யாரு?"

பெயரைச் சொன்னேன். சொல்வதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"இங்க பாரும்மா. ஒன்ன அவ ஒண்ணும் பண்ண மாட்டா. நல்ல பொண்ணு. எங்கூட வளந்தவ. ஆனா நீ தண்ணிய விட்டியா? எங்கிட்ட நெசத்தச் சொல்லு."

சொன்னேன். பாஸ்போர்ட், புடவை, காலிச் செம்பு, எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கப்பல் ஏறதுக்கு முன்னால அந்தப் பொடவைய ஏரியில விட்டுட்டு, போய்ட்டு வாம்மான்னு ஒரு தடவ சொல்லிடு. சொன்னா போயிடுவா. கடலத் தாண்டிட்டா அப்புறம் அனுப்ப எடம் கெடையாது."

டிசம்பர் 25, புதன்

இன்று காலை தெளிவாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடித்தேன். இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். நவம்பர் மாத எழுத்தையும் இந்த மாத எழுத்தையும் பார்த்தேன். நான் முட்டாள் இல்லை. இத்தனை நாள் தெரியாத மாதிரி எழுதியதும் நான்தான்.

புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கு நடந்தேன். பாதித் தூரத்தில் அமிர்தா ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். பையை எட்டிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அண்ணி அவளிடமும் பேசியிருக்க வேண்டும்.

படியில் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் ரயில் போயிற்று.

"விட்டா என்ன ஆகும்?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. பொடவ நனையும்."

"நீங்க திரும்பவும் ஜன்னல் இல்லாத ரூம் கேப்பீங்க. மீன்னா மூக்கப் பிடிப்பீங்க."

"ஆமா."

"சட பின்ன வராது."

"வராது."

அவள் படியில் கிடந்த ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டே இருந்தாள். ஒடிக்க இடம் இல்லாமல் போகிற அளவுக்குச் சிறிதாக ஒடித்தாள்.

"எனக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்ல சித்தி. உங்களப் பிடிக்கும். சொன்னதில்ல, அவ்வளவுதான். ஆனா அம்மா மொதத் தடவ போனப்ப எனக்கு ஏழு வயசு. என்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டாங்க. நான் போய்ட்டு வான்னுகூடச் சொல்லல. இப்ப நானே அனுப்பணுமா?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். பயமாக இருந்தது. பழைய பயம், என்னுடைய பயம். அது திரும்பி வந்தது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

"அஞ்சு நாள் மட்டும்" என்றாள். "கப்பல்ல போகணும்னு அவங்க ரொம்ப ஆசப்பட்டாங்க. போய்ட்டு வந்ததும் நானே கொண்டாந்து விட்டுடறேன். சத்தியமா."

அண்ணி சொன்னதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கடலைத் தாண்டினால் அனுப்ப இடமில்லை என்று. அவளுக்குத் தெரியும் என்றும் எனக்குத் தெரியும். அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது.

பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"அஞ்சு நாள்தானே" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எலும்பு வலிக்கிற மாதிரி இறுக்கினாள். "தேங்க்ஸ் சித்தி. தேங்க்ஸ் சித்தி" என்றாள். இதைத்தான் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். அவள் கட்டிக்கொண்டது என்னை. சித்தி என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 26, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. எலுமிச்சை ஆறு. அடியில் என் வெளிர் நீலப் புடவை ஒன்றை வைத்தேன், திரும்பி வரும்போது கட்டிக்கொள்ள.

டிசம்பர் 27, வெள்ளி

நாலரைக்குக் கப்பல் கிளம்பியது. சங்கு ஊதியதும் அம்மு பால்கனியில் குதித்தாள், பதினாறு வயதுக் குதிரை. மாமா கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு எல்லாருக்கும் கையாட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கரை சின்னதாகி, கோடாகி, இல்லாமல் போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதுவரை நின்று பார்த்தேன். காற்றில் உப்பு. முகமெல்லாம் ஈரம். எவ்வளவு வெளிச்சம்.

மீன் வறுவல் சுமார்தான். தலையை எறிந்துவிட்டுச் சமைக்கிறார்கள்.

அறையைச் சுத்தம் செய்கிறவர் வந்தார். மூன்று பேர்தானே, நாலாவது படுக்கையைச் சுவரோடு மடித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், விரித்தே இருக்கட்டும் என்றேன்.

பெட்டியின் அடியில் ஒரு வெளிர் நீலப் புடவை இருந்தது. எடுத்து அந்தப் படுக்கையில் வைத்தேன். அதோடு இந்த நோட்டும் இருந்தது. உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். முன்பக்கங்களில் எழுத்து எவ்வளவு நேராக, அழகாக இருக்கிறது. நல்லவள். அம்முவை ஆறு வருடம் பசி தெரியாமல் வளர்த்திருக்கிறாள். அம்மு அவளுக்கு நன்றி சொன்னதைக் கடைசியில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் கொஞ்சம் அழுதேன்.

அவளை மறந்துவிடக்கூடாது. ஆடி வந்ததும் அம்முவை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போக வேண்டும். பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். வெளிர் நிறத்தில் நல்ல பருத்திப் புடவையாக ஒன்று. மீன் இல்லாத சாப்பாடு, சர்க்கரை போடாத காப்பி.

மறுநாள் விடிந்ததும், வேறு எந்த வேலை இருந்தாலும் சரி, முதலில் தண்ணீரை ஏரியில் விட்டுவிட வேண்டும்.